சட்டத்தில் இல்லாத சொல்: திருமங்கலம் பேச்சும் வேறு சில வழக்குகளும்

கூமாப்பட்டியில் பஸ் ஏறி, வத்திராயிருப்பு தாண்டி கிருஷ்ணன்கோவிலில் மதுரை ரோட்டைப் பிடித்தால், மதுரைக்கு முன்னால் வருகிற பெரிய ஊர் திருமங்கலம். (ஆமாம், ரீல்ஸில் எல்லாரும் பார்த்த அதே கூமாப்பட்டிதான். இந்தப் பதிவில் அணையும் இல்லை, ஆறும் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள்.) அந்தத் திருமங்கலத்தில் 2002 ஜூன் 29 அன்று நடந்த பொதுக்கூட்டத்தில் வைகோ பேசினார். விடுதலைப் புலிகளை நேற்றும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன், நாளையும் ஆதரிப்பேன் என்பது அந்தப் பேச்சின் சாரம். பேசிவிட்டு அமெரிக்கா போனார். ஜூலை 11 அன்று திரும்பி வந்து சென்னையில் விமானத்தை விட்டு இறங்கியதும் கைது. அப்போது அவர் சிவகாசித் தொகுதியின் மக்களவை உறுப்பினர். கைது செய்த சட்டம் பொடா.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, பலருக்கும் நினைவிருக்கும். பொடா மசோதாவை மாநிலங்களவை தோற்கடித்ததால், 2002 மார்ச் 26 அன்று இரு அவைகளையும் கூட்டி 425க்கு 296 என்ற கணக்கில் நிறைவேற்றினார்கள். வைகோவின் கட்சி அப்போது ஆளும் கூட்டணியில் இருந்தது. அவரும் அந்தச் சட்டத்தை ஆதரித்தவர். நாலு மாதம் முடிவதற்குள் அதே சட்டம் அவரை வேலூர் சிறைக்கு அனுப்பியது. "வினை விதைத்தவன்" என்று அன்றைக்கு எழுதாத பத்திரிகைக்காரர் குறைவு. எனக்கு அந்தக் கேலியில் ஆர்வம் இல்லை. எனக்கு ஆர்வம் அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் என்ன எழுதியிருந்தது, சுப்ரீம் கோர்ட் அதை எப்படி வாசித்தது என்பதில்தான்.

21ஆம் பிரிவு சொன்னது இது: தடைப்பட்டியலில் உள்ள பயங்கரவாத அமைப்புக்கு ஆதரவு கோருவது குற்றம்; அதற்காகக் கூட்டம் ஏற்பாடு செய்வது குற்றம்; அந்த அமைப்புக்கு ஆதரவை ஊக்குவிக்கும் நோக்கத்தோடு கூட்டத்தில் பேசுவதும் குற்றம். தண்டனை பத்தாண்டு வரை. 'ஆதரவு' என்றால் என்ன? பணமோ பொருளோ தருவது மட்டும் இல்லை என்று பிரிவே சொல்லிவிடுகிறது. அப்படியானால் மீதி என்ன? கைதட்டுவதா? "அவங்க செய்றது சரிதான்" என்று டீக்கடையில் சொல்வதா? 80களில் தமிழ்நாட்டின் எந்தச் சுவரில் பார்த்தாலும் இருந்த எழுத்துகளை நினைத்துப் பாருங்கள். எழுத்தை அப்படியே பிடித்துக்கொண்டு போனால் பாதிப் பேர் உள்ளே இருக்க வேண்டும்.

இந்த வாசகம் டெல்லியில் பிறந்தது கிடையாது. பிரிட்டனின் 2000ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் 12ஆம் பிரிவை எடுத்து வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய வரிக்கு வரி அதேதான். அயர்லாந்துப் பிரச்சினையிலிருந்து பாடம் படித்து அவர்கள் எழுதியதை, ஈழத்துக்கும் காஷ்மீருக்கும் நாம் அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டோம்.

மக்கள் உரிமைக் கழகமான பி.யூ.சி.எல். பொடாவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. வைகோ 21ஆம் பிரிவை எதிர்த்து சிறைக்குள்ளிருந்தே வழக்குப் போட்டார். நீதிபதிகள் ராஜேந்திர பாபு, ஜி.பி. மாத்தூர் அமர்வு 2003 டிசம்பர் 16 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் செல்லும் என்றார்கள். ஆனால் 20, 21, 22 ஆகிய பிரிவுகளைப் பற்றி ஒன்று சொன்னார்கள்: பயங்கரவாதச் செயலை வளர்க்கவோ ஊக்குவிக்கவோ அதற்கு வழிசெய்து கொடுக்கவோ எண்ணம் இருந்தால்தான் இந்தப் பிரிவுகள் பாயும். பிரிவு பேசியது அமைப்புக்கான ஆதரவைப் பற்றி. நீதிபதிகள் வாசித்தது செயலுக்கான எண்ணத்தை. இரண்டும் ஒன்றில்லை. ஒரு அமைப்பின் மேல் பரிவோடு மேடையில் முழங்குவது வேறு, குண்டு வைக்கத் தூண்டுவது வேறு. அந்த இடைவெளியில்தான் வைகோவும் இன்னும் எத்தனையோ பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

சட்டத்தில் இல்லாத சொல்லை நீதிபதி எப்படிச் சேர்க்கலாம்? சேர்க்கவில்லை, உள்ளே இருந்ததைத்தான் வெளியே எடுத்துக் காட்டினோம் என்பார்கள். இந்தப் பதிலுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

குற்றம் என்றால் செயல் மட்டும் போதாது, கெட்ட எண்ணமும் வேண்டும் என்பது ஆங்கிலேயர் சட்டத்தின் பழைய அனுமானம். சட்டத்தின் வாசகம் அதைப் பற்றி மௌனமாக இருந்தாலும், நீதிபதி அந்த மௌனத்துக்குள் எண்ணத்தை வைத்து வாசிக்க வேண்டும். ஆனால் எப்போதும் வாசிப்பார்களா? 1962 நவம்பரில் மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் என்ற ஜெர்மானியர் சூரிச்சிலிருந்து மணிலாவுக்குப் போகிற விமானத்தில் 34 கிலோ தங்கத்தைச் சட்டைக்குள் சுமந்துகொண்டு பம்பாய் வழியாக வந்தார். விமானத்தை விட்டுக்கூட இறங்கவில்லை. இந்தியா வழியாகப் போகும் தங்கத்தைச் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்று அவர் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால்தான் அரசிதழில் அறிவிப்பு வந்திருந்தது. சூரிச்சில் இருக்கிற ஆள் நம் அரசிதழைப் படிப்பாரா? பம்பாய் ஐகோர்ட் விட்டுவிட்டது. 1964இல் சுப்ரீம் கோர்ட்டில் பெரும்பான்மை நீதிபதிகள் விடவில்லை: அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நோக்கமே தேசத்தின் பொருளாதாரத்தைக் காப்பது, அதில் போய் எண்ணத்தைத் தேடினால் சட்டம் செத்துவிடும் என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் ராஜகோபால அய்யங்கார். (மருந்துக்கான காப்புரிமை பற்றி 1959இல் அறிக்கை கொடுத்து, இன்றைக்கு நாம் மலிவாக மாத்திரை வாங்குவதற்கு அடிக்கல் போட்டவரும் இவரேதான். இன்னொரு இடத்திலும் இவர் வரப்போகிறார்.) சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். அடுத்த வருஷமே, உரிமம் எப்படியும் வந்துவிடும் என்று நம்பிக் கோதுமையைச் சேர்த்துவைத்த நத்துலால் என்ற தானிய வியாபாரியின் வழக்கில் சுப்பா ராவின் பார்வை ஜெயித்தது. எண்ணம் இல்லை, குற்றமும் இல்லை.

ஆக இரண்டு கருவிகளும் நீதிபதியின் மேசை மேல் எப்போதும் கிடக்கின்றன. எதை எடுப்பது என்று சட்டப் புத்தகம் சொல்லாது. தடா செல்லும் என்று சொன்ன 1994ஆம் ஆண்டு கர்த்தார் சிங் வழக்கில், 'உடந்தை' என்ற சொல்லுக்குள் "தெரிந்தே" என்பதை வாசித்தார்கள். 2003இல் அதைப் பிடித்துக்கொண்டுதான் பொடாவிலும் எண்ணத்தை வாசித்தார்கள்.

சரி, வைகோ அன்றே வெளியே வந்தாரா? இல்லை. தீர்ப்பு சட்டத்தின் பொருளைத்தான் சொன்னது, வழக்கைத் தள்ளவில்லை. அந்தப் பேச்சில் அப்படியொரு எண்ணம் இருந்ததா என்பது விசாரணை நீதிமன்றத்தின் வேலை. 2004 பிப்ரவரியில் ஜாமீனில்தான் வந்தார். ஏறக்குறைய 19 மாதம். ஒரு பிரிவின் பொருள் என்ன என்று தெரிந்துகொள்வதற்கு அவர் கொடுத்த விலை அது. இந்த மாதிரித் தீர்ப்புகளை எல்லாரும் 'வெற்றி' என்று எழுதும்போது எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். சட்டத்தைச் சுருக்கி வாசித்தால் சட்டமும் பிழைத்துக்கொள்கிறது, நீதிமன்றத்துக்கும் நல்ல பெயர். உள்ளே இருந்தவனின் நாள்களுக்குத்தான் கணக்கு இல்லை.

இருந்தாலும் அந்த வாசிப்பு வீணாகவில்லை. 2004 செப்டம்பரில் பொடாவை ரத்து செய்த கையோடு, அதன் முக்கியப் பிரிவுகளைத் தூக்கி 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள், அதாவது உபாவுக்குள், வைத்தார்கள். உறுப்பினராக இருப்பதற்கு 38ஆம் பிரிவு, ஆதரவுக்கு 39ஆம் பிரிவு. இரண்டிலும் இப்போது "அமைப்பின் செயல்பாட்டை வளர்க்கும் எண்ணத்தோடு" என்ற சொற்கள் அச்சில் இருக்கின்றன. நீதிபதிகள் மௌனத்துக்குள் வாசித்ததைப் பாராளுமன்றம் எழுத்தாக்கியது. 2021இல் கேரள மாணவர்கள் இருவரின் ஜாமீன் வழக்கில், வெறுமனே அமைப்போடு தொடர்பு இருப்பது போதாது, அந்த எண்ணம் தெரிய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது இந்தச் சொற்களை வைத்துத்தான்.

மூலப் பிரதி இருந்த லண்டனில் கதை நேரெதிராகப் போனது. 2016இல் அஞ்செம் சௌத்ரி வழக்கில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், 'ஆதரவு' என்பது ஆள், பொருள் தருவது மட்டுமில்லை, கருத்தளவிலான ஆதரவும் அடக்கம் என்றது. 2019இல் புதிய உட்பிரிவே சேர்த்து, கேட்பவர்கள் ஆதரவாளராகக்கூடும் என்று பொருட்படுத்தாமல் கருத்துச் சொல்வதையும் குற்றமாக்கினார்கள். ஒரே வாசகத்தை இரண்டு நாட்டில் விதைத்தார்கள், முளைத்த செடி வேறு வேறு.

'எண்ணம்' என்ற சொல் அச்சிலேயே இருந்தும் அது என்ன பாடுபட்டது என்பதற்கு இன்னொரு வழக்கு. ராஜீவ் காந்தி கொலை. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒருத்தர் மிச்சமில்லை. தடா வழக்கு என்பதால் ஐகோர்ட் படி ஏற வழியில்லை, நேரே சுப்ரீம் கோர்ட். நீதிபதிகள் கே.டி. தாமஸ், வாத்வா, குவாத்ரி. 1999 மே 11 தீர்ப்பில் 19 பேர் வெளியே. 4 பேருக்கு மரண தண்டனை உறுதி, 3 பேருக்கு ஆயுள்.

அந்தத் தீர்ப்பில் சட்ட வாசிப்பு இரண்டு இடத்தில் நடக்கிறது, அவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. முதல் இடம்: தடாவின் 3ஆம் பிரிவின்படி அரசை மிரட்டிப் பணியவைக்கவோ, மக்களிடம் பீதி உண்டாக்கவோ எண்ணம் இருந்தால்தான் அது பயங்கரவாதச் செயல். கொலையாளிகளின் குறி ராஜீவ் என்ற தனி மனிதர். அவர் அப்போது அரசிலும் இல்லை. ஆகவே இது கொலை, கொலைச் சதி. தடா சொல்லும் பயங்கரவாதச் செயல் இல்லை. தடாக் குற்றச்சாட்டு விழுந்தது. நாட்டையே உலுக்கிய ஒரு கொலையில், சொல்லின் எல்லையைத் தாண்ட மாட்டோம் என்று நின்றது சாதாரணக் காரியமில்லை.

இரண்டாவது இடம் வாக்குமூலம். சாதாரணச் சட்டத்தில் போலீசிடம் சொல்கிற ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அடித்துக் கேட்டால் யாரும் எதையும் சொல்வார்கள் என்று வெள்ளைக்காரனுக்கே 19ஆம் நூற்றாண்டில் தெரிந்திருந்தது. தடாவின் 15ஆம் பிரிவு அந்தக் கதவைத் திறந்துவிட்டது: எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் செல்லும். இந்த வழக்கில் அப்படி 17 வாக்குமூலங்கள். தடாவே பொருந்தாது என்றான பிறகு தடா தந்த வாக்குமூலம் மட்டும் எப்படி நிற்கும்? நிற்கும் என்றார்கள். தடாக் குற்றத்தோடு சேர்த்து மற்றக் குற்றங்களையும் விசாரிக்க 12ஆம் பிரிவு இடம் தருகிறது. சேர்ந்து விசாரணை நடந்துவிட்டால், தடாவில் விடுதலை ஆனாலும் அந்த வாக்குமூலத்தை மற்றக் குற்றங்களுக்குப் பயன்படுத்தலாம். வீடு இடிந்துவிட்டது, ஏணி மட்டும் நிற்கிறது.

பேரறிவாளனின் கழுத்தில் கயிறு மாட்டியதில் அந்த ஏணிக்குப் பெரிய பங்கு. ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது கதை. அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், பணி ஓய்வுக்குப் பிறகு 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியை, தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. இங்கேயும் எண்ணம்தான். சட்டத்தில் இல்லாத எண்ணத்தை 2003இல் நீதிபதிகள் உள்ளே வைத்து வாசித்தார்கள். 1991இல் ஓர் அதிகாரி, இருந்த எண்ணத்தை, இல்லை, எண்ணம் இல்லாமையை, வாக்குமூலத்திலிருந்து எடுத்துவிட்டார். சட்டத்தை எப்படி வியாக்கியானம் செய்வது என்று டெல்லியில் எவ்வளவு நுட்பமாக விவாதித்தாலும், அது நிற்பது யாரோ ஒருவர் எழுதின தாள்களின் மேல்தான்.

அதே வழக்கில் இன்னொரு சொல்லும் மாட்டிக்கொண்டது. 2014 பிப்ரவரி 18 அன்று மூவரின் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. மறுநாளே தமிழக அமைச்சரவை ஏழு பேரையும் விடுவிக்க முடிவு செய்து, மூன்று நாளில் பதில் சொல்லுங்கள் என்று மத்திய அரசுக்கு எழுதியது. சி.பி.ஐ. விசாரித்த வழக்கில் மத்திய அரசைக் 'கலந்தாலோசித்த' பிறகே மாநிலம் விடுவிக்கலாம் என்றது அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 435ஆம் பிரிவு. கலந்தாலோசிப்பது என்றால் கேட்பது. கேட்டுவிட்டு நாம் முடிவு செய்வது. கல்யாணத்துக்கு மாமாவைக் கலந்துக்கிட்டோம் என்றால் மாமா வேண்டாமென்று சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்றா அர்த்தம்? 2015 டிசம்பர் 2 அன்று அரசியல் சாசன அமர்வு, இந்த இடத்தில் கலந்தாலோசனை என்றால் ஒப்புதல் என்று தீர்ப்பளித்தது. அதாவது மாமா சம்மதித்தால்தான். இதே சொல்லுக்கு நீதிபதி நியமன வழக்குகளில் என்ன நடந்தது தெரியுமா? 1981இல் கலந்தாலோசனை என்றால் ஒப்புதல் இல்லை என்றார்கள். 1993இல் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதலிடம் என்று மாற்றினார்கள். சொல் அதேதான், அதிகாரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கேற்பப் பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் 2022 மே 18 அன்று பேரறிவாளன் வெளியே வந்தது 435ஆம் பிரிவின் வழியாக அல்ல. ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர் என்ற வேறொரு வழியில். அதற்குள் 31 வருஷம்.

இப்போது திரும்பவும் 2003க்கு வருவோம். பொடாத் தீர்ப்புக்கு நாலு மாதம் முன்னால், அதே தமிழக அரசின் இன்னொரு நடவடிக்கை அதே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஓய்வூதியப் பலன்களில் கை வைத்ததை எதிர்த்து ஜூலை 2 முதல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம். டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் 2002இலேயே தயாராக இருந்தது. ஜூலை 4 அன்று அதைத் திருத்தி அவசரச் சட்டம். விசாரணை கிடையாது, விளக்கம் கேட்பது கிடையாது, ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ். ராத்திரியோடு ராத்திரியாக வீடு புகுந்து கைதுகள். அரசு வேலை என்றால் கால் காசானாலும் நிரந்தரம் என்று நம்பிப் பெண் கொடுத்த ஊர் நம்ம ஊர். அந்த ஜூலையில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துத் தெருக்களில் நிலவிய திகைப்பை அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

ஐகோர்ட், முதலில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்று அனுப்பியது. மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ரங்கராஜன் பெயரில் வழக்கு டெல்லி போனது. சுப்ரீம் கோர்ட் இந்த இடத்தில் யதார்த்தமாகப் பேசியது: இத்தனை பேரின் வழக்கைத் தீர்ப்பாயம் தாங்காது, இப்படி அசாதாரணமான நிலையில் ஐகோர்ட்டே தலையிட்டிருக்கலாம். கோர்ட்டின் அழுத்தத்தில் அரசும் இறங்கிவந்து, நிபந்தனையற்ற மன்னிப்பும் இனி வேலைநிறுத்தம் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானவர்களைத் திரும்பச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டது. மிச்சம் ஏறத்தாழ 6,000 பேர். அவர்கள் விஷயத்தைப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூன்று பேர்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு 2003 ஆகஸ்ட் 6 தீர்ப்பில் மேலும் போய், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. முதல் இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. பழைய தீர்ப்புகள் இருக்கின்றன. 1962இல் பீகார் அரசு ஊழியர் வழக்கில் ஆர்ப்பாட்டத் தடையை ரத்து செய்துவிட்டு வேலைநிறுத்தத் தடையைத் தொடாமல் விட்டவர் நம்ம ராஜகோபால அய்யங்கார்தான். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 22ஆம் விதியும் வேலைநிறுத்தம் கூடாது என்கிறது. ஆனால் 'தார்மீகம்' எந்தப் பிரிவில் இருக்கிறது? அதைத் தீர்மானிக்க யாரும் கேட்கவில்லை. விசாரணையே இல்லாமல் லட்சக்கணக்கில் வேலைநீக்கம் செய்கிற அவசரச் சட்டம், அரசியல் சாசனத்தின் 311ஆம் பிரிவோடு ஒத்துப்போகுமா என்ற உண்மையான கேள்விக்குள் தீர்ப்பு ஆழமாக இறங்கவில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை, கேட்காததற்குப் பிரசங்கம்.

டிசம்பரில் மௌனத்துக்குள் குடிமகனுக்குச் சாதகமான ஒரு சொல்லை வாசித்த அதே கோர்ட், ஆகஸ்டில் மௌனத்துக்குள் அரசுக்குச் சாதகமான ஒரு சொல்லை வாசித்திருக்கிறது. அமர்வு வேறு, நீதிபதிகள் வேறு, சரிதான். ஆனால் ஜெயிலுக்குப் போகிறவனுக்கு எதிரான சட்டத்தைச் சுருக்கி வாசிக்க ஒரு மரபு இருக்கிறது. வேலையை இழக்கிறவனுக்கு அப்படியொரு மரபு கெட்டியாக உருவாகவில்லை என்பது என் கணிப்பு. ஒழுங்கு நடவடிக்கை தண்டனைச் சட்டம் இல்லையே என்பார்கள். நாற்பது வயதில் வேலை போன ஆசிரியருக்கு அந்த வித்தியாசத்தை விளக்கிப் பாருங்கள்.

இன்னொரு கோணத்தில் பார்த்தால் இது இன்னும் விசித்திரம். ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கிய காலத்திலிருந்து ஊரைச் சுற்றி நூற்பாலைகள். ஒரே தெருவில் ஒரு வீட்டில் மில் தொழிலாளி, அடுத்த வீட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர். மில் தொழிலாளிக்கு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம். எந்த வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று அது பட்டியல் போட்டது. பட்டியலில் இல்லாதது சட்டபூர்வம் என்பதுதானே அதன் பொருள்? 1989இல் பி.ஆர். சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே, இது அடிப்படை உரிமை இல்லை என்றாலும் அந்தச் சட்டம் அங்கீகரித்த தொழிலாளியின் ஆயுதம் என்று ஏற்றுக்கொண்டது. சுவருக்கு இந்தப் பக்கம் ஆயுதம், அந்தப் பக்கம் தார்மீகம்கூட இல்லை.

அந்த 6,000 பேருக்கும் கடைசியில் வழி திறந்தது கோர்ட்டால் மட்டும் இல்லை. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சியின் கூட்டணி தோற்றது. அதே மே மாதம் முதலமைச்சர் ஜெயலலிதா ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். இதைவிடச் சுருக்கமான சட்ட வியாக்கியானத்தை நான் படித்ததில்லை.

வேலை பற்றிய சட்டத்தில் ஒரு சாதாரணச் சொல் எவ்வளவு பெரிய ஓட்டையாகும் என்பதற்கு நம்ம மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் சிறுவர்களைத் தடை செய்தது. ஆனால் 'குடும்பத்தின் உதவியோடு' நடக்கும் பட்டறைக்கு விலக்கு. சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டி ஒட்டும் வேலை எங்கே நடந்தது? வீட்டுத் திண்ணையில். எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று, குழந்தையை வேலைக்கு வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது பெரிய விஷயம்தான். ஆனால் 'குடும்பம்' என்ற அந்த விலக்கைச் சுருக்கி, ஆபத்தான தொழிலுக்கு அது பொருந்தாது என்று எழுத 2016 திருத்தம் வரை ஆயிற்று.

'வேலைநிறுத்தம்' என்ற சொல்லும் இப்போது இடம் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், ஒரு நிறுவனத்தின் தொழிலாளரில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் முன்னறிவிப்பு. 'பேசிவைத்துக்கொண்டு' என்பதை எப்படி நிரூபிப்பார்கள்? வாட்ஸ்அப் குழுவை வைத்தா? பங்குனிப் பொங்கலுக்கோ ஆண்டாள் தேருக்கோ மில்லில் பாதி ஆள் லீவு போட்டால்? ஏதோ ஒரு மில்லின் வழக்கு ஏறிப் போய்த்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடைக்கும்.

கடைசியாக, திருமங்கலம் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு தீர்ப்பு. உபாவில் 38ஆம் பிரிவு தவிர 10ஆம் பிரிவும் உண்டு. அது 'சட்டவிரோத அமைப்பின்' உறுப்பினராக இருப்பதைத் தண்டிக்கிறது. அங்கே 'எண்ணத்தோடு' என்ற சொல் அச்சில் இல்லை. 2011இல் அசாமைச் சேர்ந்த அரூப் புயான் வழக்கில் தடாவின் இதேபோன்ற பிரிவை வாசித்த சுப்ரீம் கோர்ட், வெறும் உறுப்பினர் என்பதே குற்றமாகாது, வன்முறையில் இறங்கவோ தூண்டவோ வேண்டும் என்றது. 12 வருஷம் அதுவே சட்டம். 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதி அமர்வு அதை மாற்றியது: மத்திய அரசைக் கேட்காமல் சட்டத்தைச் சுருக்கி வாசித்தது தவறு, பிரிவில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது, தடை செய்யப்பட்டது தெரிந்தும் உறுப்பினராகத் தொடர்ந்தாலே குற்றம்.

விடுதலைப் புலிகள் அமைப்பு இந்த இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. பயங்கரவாத அமைப்புகளின் அட்டவணையிலும் உண்டு. 1992 மே 14 அன்று சட்டவிரோத அமைப்பாக அறிவிக்கப்பட்டு, தடை நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வந்து, கடைசியாக 2024 மே மாதம் இன்னும் ஐந்து ஆண்டுக்கு நீண்டிருக்கிறது. தடையை உறுதி செய்யக் கூடும் தீர்ப்பாயங்களில் போய் நின்று வைகோ எதிர்த்து வாதாடியிருக்கிறார். ஒரே இயக்கம், ஒரே சட்டம். ஒருவர் மேல் 38ஆம் பிரிவு போட்டால் எண்ணத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். 10ஆம் பிரிவு போட்டால் உறுப்பினர் என்பதும், தடை அவருக்குத் தெரியும் என்பதும் போதும். எதைப் போடுவது என்று முதலில் முடிவு செய்வது போலீஸ் ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கை எழுதுகிறவர்.